நாவலில் வரும் கனவானும் எங்கள் சூடத்தட்டும்

எனக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது. பெரகல சந்தியிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேட்டில் கட்டிய பன்னிரண்டு வீடுகளில் கடைசி வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் குசினி. நாற்பத்தெட்டு வயது வரை, தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஓர் அறை மட்டுமான ஒரே காம்பராவில் இருந்தவனுக்கு, ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பதே பழகுவதற்கு நாளானது. முதல் சில வாரங்கள் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டியது. பிறகு பழகிவிட்டது. கெட்ட பழக்கங்களும் அப்படித்தான் பழகுகின்றன.

இந்த வீடு வேறொருத்திக்கு வந்திருக்க வேண்டியது. அது எப்படி என்னிடம் வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கூடவே நான் படித்த நாவல்களைப் பற்றியும் எழுத வேண்டும். நான் அவற்றைப் படிக்காமல் இருந்திருந்தால் அவளுடைய வீடு அவளிடமே இருந்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேலை ஸ்டோரில். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை மேல் மாடியில் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டுவார்கள். அதைக் கிளறிவிட்டு, கையில் அள்ளிப் பார்த்து, வாடிவிட்டதா என்று சொல்வது என் வேலை. கிளறும் நேரம் கொஞ்சம், காத்திருக்கும் நேரம் அதிகம். பேசுவதற்கு எனக்கு வராது. யாராவது பேர் கேட்டால்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொல்வேன். "அண்ணே வாயத் தொறந்தா அந்தச் சூட்டுலயே கொழுந்து வாடிரும், அதான் மூடி வச்சிருக்காரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

எங்கள் லயத்தின் முதல் காம்பரா என்னுடையது. அதை ஒட்டிப் பழைய பிள்ளைக் காம்பரா இருந்தது. மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். புதிதாக வேறொன்று கட்டிய பிறகு அது சும்மா கிடந்தது. பதுளையிலிருந்து வந்த சிலர் அங்கே ஒரு வாசிகசாலை வைப்பதாகச் சொல்லி, நான்கு உரச்சாக்கு நிறையப் புத்தகம் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு அலுமாரி அடித்தார்கள். படம் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்ப வரவில்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, பக்கத்துக் காம்பராக்காரன், யாரோடும் சண்டைக்குப் போகாதவன் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

பால்மா வாசனை அந்த அறையைவிட்டுப் போகவே இல்லை. கூரை மரத்தில் தொட்டில் சேலை கட்டிய கொக்கிகள் வரிசையாக அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து நான் படிக்கத் தொடங்கினேன். பெரும்பாலும் மொழிபெயர்த்த நாவல்கள். எங்கெங்கோ குளிர் நாடுகளில் நடப்பவை. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஒரு நாவலுக்கு இரண்டு மாதம் போகும். ஆறேழு வருடத்தில் அலுமாரியில் இருந்ததில் முக்கால்வாசி படித்துவிட்டேன்.

நானாகவே அவற்றை இரண்டாகப் பிரித்தேன். இடது அலுமாரியில் வெளிக்கதைகள், வலது அலுமாரியில் உள்கதைகள்.

வெளிக்கதையில் ஊர் முழுவதும் தெரியும். யாருக்கு எவ்வளவு காணி, எந்தத் தெருவில் சேறு, எவள் எவன் மேல் ஆசைப்பட்டாள், எல்லாம் தெரியும். எனக்கு அது பிடிக்கும், எங்கள் லயத்தைப் போலவே இருக்கும். நடுவில் ஒரு கனவான் வருவார். நல்ல மனிதர். சண்டை என்றால் இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்பார். கூலிக்காரனும் மனிதன் என்பார், அவனை அடிக்கிறவனுக்கும் ஒரு மனசு இருக்கிறது என்பார். ஒருவனுடைய நம்பிக்கையில் இன்னொருவன் கைவைக்கக் கூடாது என்பார். கூட்டத்தில் எழுந்து பேசுவார். கதை முடிவதற்குள் இரண்டு பக்கமும் அவரைக் கைவிட்டிருக்கும். அவர் பேசிய பேச்சு மட்டும் மிஞ்சும்.

உள்கதையில் ஊரே இருக்காது. ஒருவன் காலையில் எழுந்து சன்னல் பக்கம் நிற்பான். நினைப்பான். பின்னேரம் வரையில் நினைத்துக்கொண்டே இருப்பான். நூறு பக்கம் போனாலும் யாரோடும் இரண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டான். முதலில் எனக்கு இது விளங்கவில்லை. பிறகு ஒரு நாள், கொழுந்தைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று விளங்கியது. இவனும் அந்தப் பழைய கனவான்தான். கூட்டத்தில் பேசிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். வெளியே சொல்ல முடியாத நியாயத்தையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மனதுக்குள் எந்த அரசாங்கமும், எந்தக் கூட்டமும் நுழைய முடியாது.

இது விளங்கிய பிறகு உள்கதைகள்தான் எனக்குப் பிடித்துப்போயின. பேசத் தெரியாதவனுக்கு அதைவிட ஆறுதல் என்ன இருக்கிறது? நான் ஊமை இல்லை, உள்ளே சுதந்திரமாக இருக்கிற மனிதன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் பதுளையில் ஒரு இலக்கியக் கூட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனேன். பேசியவர் என்னைவிட வயதில் இளையவர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். தாராண்மைவாதம் என்ற சொல்லை அங்கேதான் முதல் தடவை கேட்டேன். தனிமனிதன், அவனுடைய மனசாட்சி, அவனுடைய சம்மதம், இவற்றில் தொடங்கும் அரசியல் அது என்றார். பழைய நாவல் எல்லாப் பக்கத்தையும் நமக்குக் காட்டி நம்மை நியாயம் கேட்கிறவர்களாக ஆக்கியது, பிறகு வந்த நாவல் ஒவ்வொரு மனத்துக்கும் தனி ஆட்சி கொடுத்தது, இரண்டும் சேர்ந்து நமக்கு ஜனநாயகத்தைக் கற்றுத் தருகின்றன என்றார். நான் அலுமாரி பிரித்து வைத்ததைத்தான் அவர் பெரிய சொற்களில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேள்வி கேட்கலாம் என்று ஒலிவாங்கியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். அது என் கைக்கும் வந்தது. கேட்கவும் ஏதோ இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தச் சொல்லைப் பஸ் டிக்கட்டின் பின்னால் எழுதி வைத்தேன்.

அந்த வருட மழைக்குப் பிறகு எங்கள் லயத்துச் சுவரில் வெடிப்பு வந்தது. லயம் சரிவின் விளிம்பில் இருக்கிறது. கடைசிக் காம்பராதான் விளிம்புக்கு மிக அருகில், அதில்தான் வெடிப்பு பெரிது. கை உள்ளே போகும். அதிகாரிகள் வந்து அளந்தார்கள். மண்சரியக்கூடிய இடம், ஆட்களை வேறு இடத்துக்கு எழுப்ப வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மேட்டில் முதலில் பன்னிரண்டு வீடு கட்டுவதென்று முடிவாயிற்று. லயங்களில் முப்பது குடும்பத்துக்கு மேல் இருந்தோம். யார் முதலில் போவது என்ற பட்டியலைத் தோட்டத்துக் கமிட்டியே எழுதித் தரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசிக் காம்பராவில் இருந்தவள் எனக்குத் தங்கை முறை. கொழுந்தெடுப்பவள். புருசன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். அவனுடைய தாயை, நடக்க முடியாத மாமியாரை, இவள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மகன் விட்டுட்டுப் போனதுக்கு இந்தக் கெழவி என்னா செய்யும்" என்பாள். வெடிப்பின் மேல் ஒரு கலண்டர் தாளைக் கிழித்துச் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தாள். தாள் கிழிந்தால் வெடிப்பு பெருகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வருடம் மூன்று தாள் மாற்றினாள். கிழவியைத் தூக்கிக்கொண்டு அவள் ஓட முடியாது. பன்னிரண்டில் ஒன்று அவளுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கமிட்டி முதலில் பென்சிலால் எழுதிய பட்டியலில் அவள் பெயர் நாலாவது இருந்தது. என் பெயர் பதின்மூன்றாவது.

இடையில் தேர்தல் வந்தது.

எங்கள் தோட்டத்துக் கமிட்டித் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவல்களில் வருகிற தலைவர்களைப் போல் சத்தம் போடுகிறவர் அல்ல. வருத்தக்காரரை, நோயில் விழுந்தவரை, தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுவரை போனவர். அவருடைய அப்பா குடியுரிமை பறிபோய் ஓட்டே இல்லாமல் இந்த மண்ணில் செத்தார், என் அப்பாவும் அப்படித்தான். ஓட்டு என்பதைத் தலைவர் ஒருவனுடைய சொந்தப் பொருளாக நினைக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து பிடிக்கிற கயிறு என்று நினைத்தார். "நம்ம தோட்டத்து ஓட்டு அம்புட்டும் ஒரே பக்கம் விழுந்துச்சின்னாத்தான் நம்மள மனுசனா மதிப்பானுங்க. நாலு இங்க நாலு அங்கன்னு போட்டா, நம்ம இருக்குறதே அவனுகளுக்குத் தெரியாது." இதில் பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால் தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடி, தட்டில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். குடும்பத்துக்கு ஒருவர். தலைவர் சொல்கிற பக்கத்துக்கே போடுவோம் என்று.

அந்த வாரம் ஒருநாள் அவள் வாசிகசாலைக்கு வந்தாள். புத்தகம் எடுக்க வரவில்லை. வாசலிலேயே நின்றாள். வேறு கட்சியில் தேர்தல் கேட்டு நின்ற ஒரு பெண், முன்பு ஒருநாள் தனியாக லயத்துக்கு நடந்து வந்து, இவள் காம்பராப் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டு, கிழவிக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள். அது எனக்கும் தெரியும்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். நாம யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிய வருமா?"

தெரியாது என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் பேசினேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. ஓட்டு அவரவருடையது, புருசனோ தலைவரோ தோட்டத்துத் தொரையோ அதைக் கேட்க முடியாது, மனசு என்பது ஒரு வீடு மாதிரி, நாம் கதவைத் திறக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொன்னேன். டிக்கட்டில் எழுதிய சொல்லைக்கூடச் சொன்னேன். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

"பொஸ்தகத்துல அப்புடியா போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்ப சரி" என்று போய்விட்டாள்.

அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம். ஒரு ஆளுக்கு ஒரு விஷயம் விளங்கும்படி சொல்லிவிட்டேன். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். நான் செய்யப் போவதையே அவளும் செய்வாள் என்று நினைத்தேன். நான் செய்யப் போவது இதுதான்: எல்லாரையும் போலச் சூடத்தை அணைப்பது, பிறகு பெட்டிக்கு முன்னால் மனசு சொல்கிறபடி போடுவது. வெளியே செய்வது வெளியே, உள்ளே இருப்பது உள்ளே. நாவல்களில் இருந்து அதைத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் காம்பரா வரிசைப்படி தட்டு வந்தது. முதல் காம்பரா என்னுடையது. தலைவர் தட்டை நீட்டினார். நான் அம்மனைப் பார்க்கவில்லை. கையை வைத்தேன். சுள்ளென்றது. சத்தியம் என்றேன். என் பெண்சாதி பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாள். தட்டில் புதுச் சூடம் வைத்துக் கொளுத்தி அடுத்தவரிடம் போனார்கள்.

கடைசியில் அவளிடம் வந்தது.

"வா தங்கச்சி, கைய வை" என்றார் தலைவர்.

"நான் வைக்கலண்ணே."

"ஏன்?"

"யாருக்குப் போடுறதுன்னு எனக்கே இன்னும் முடிவாகல. முடிவாகாம அம்மா முன்னுக்கு எப்புடி சத்தியம் பண்றது?"

யாரோ பின்னாலிருந்து, போன புருசன் ஓட்டையும் சேர்த்து இவளே போடப் போகிறாள் போலிருக்கிறது என்றார்கள். சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"இதுல முடிவு பண்ண என்னா இருக்கு? எல்லாரும் போடுற எடத்துல போடு."

"இப்ப அணைச்சிட்டு அங்க போயி மாத்திப் போட்டேன்னா? நீங்க விட்டாலும் அம்மா விட மாட்டா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு உள்ளே வெளியே என்று இரண்டு இல்லை. அம்மன் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்யும் வழி அவளுக்குத் தெரியாது. ஓட்டு இரகசியம் என்று நான் சொன்னதில் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் நான் குடியிருந்தேன். அவள் அதைக் காணவே இல்லை. யாரும் கேட்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தால், யாரும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு.

"யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு இதெல்லாம்?" என்று தலைவர் கேட்டார்.

நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

"யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு" என்றாள். என் பக்கம் திரும்பவும் இல்லை.

தலைவர் தட்டைப் பிடித்தபடியே நின்றார். சூடம் தானாக எரிந்து முடிந்தது. கரி மட்டும் மிஞ்சியது. யாரும் அணைக்காமல் முடிந்த சூடத்தை எங்கள் ஆட்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. கூட்டம் கலையும்போது யாரும் அவளோடு பேசவில்லை.

தேர்தலன்று தோட்டத்துப் பாடசாலையில் ஓட்டு. மறைப்புக்குப் பின்னால் நான் தனியாக நின்றேன். யாரும் பார்க்கவில்லை. இத்தனை வருடம் படித்துச் சேர்த்த சுதந்திரம் எல்லாம் அந்த ஒரு முழ இடத்தில் இருந்தது. பேனாவைப் பிடித்தபோது உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் தோல் உரிந்து தெரிந்தது. சத்தியம் செய்த பக்கத்துக்கே புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். உள்ளேயும் நான் பயந்தாங்கொள்ளிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியலை வாசிப்பதற்காக எல்லாரையும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் ஒரு கொப்பியைப் பிரித்து வாசித்தார். நாலாவது பெயர் வேறு யாருடையதோ. பன்னிரண்டாவது என் பெயர். அவள் பெயர் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். சண்டை பிடிக்கவில்லை. தன் காம்பராவில்தான் வெடிப்பு பெரிது, வந்து கையை விட்டுப் பாருங்கள் என்று சொன்னாள். அடுத்த தடவை பார்ப்போம் என்றார் தலைவர். கமிட்டி முடிவு என்றார். பிறகு கொப்பியை மூடிவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"இதுல யாருக்காவது மாத்துக் கருத்து இருந்தா இப்பவே சொல்லுங்க. நாங்க கேக்கத் தயாரு. பொறவு லயத்துல நின்னு குசுகுசுன்னு பேசக் கூடாது."

அவர் ஒப்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். ஒரு ஆள் எழுந்து இது அநியாயம் என்று சொல்லியிருந்தால், வெட்கப்பட்டுக் கொப்பியைத் திறந்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். வருத்தக்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர் அவர்.

நான் நினைத்தேன். அவளுக்கு வீடு கொடுக்காவிட்டால் கிழவியோடு அவள் என்ன செய்வாள் என்று நினைத்தேன், சத்தியம் செய்யாததற்கும் சுவர் வெடித்ததற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன், தலைவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, தோட்டத்து ஒற்றுமை உடைந்தால் யாருக்கும் வீடு இல்லை என்று நினைத்தேன், என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடுங்கள் என்று சொல்வது எப்படி இருக்கும், எந்தச் சொல்லில் தொடங்குவது, அண்ணே என்றா, தலைவரே என்றா என்று நினைத்தேன், பேசிய பிறகு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்தேன், என் பெண்சாதியின் முழங்கை என் விலாவில் அழுத்திக்கொண்டிருப்பதை நினைத்தேன், இருபத்தைந்து வருடம் அவள் அடுப்புப் புகைக்கு நடுவில் படுத்துத் தூங்கியதை நினைத்தேன். நல்ல உள்கதை ஒன்றில் இருபது பக்கம் வரும். அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

புது வீட்டுக்கு வந்த பிறகு வாசிகசாலையிலிருந்து பழைய நாவல்களைக் கொண்டுவந்து மறுபடி படித்தேன். இப்போது எனக்குக் கதவு சாத்திப் படிக்க அறை இருந்ததே. முதல் தடவை கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்தக் கதைகளில் வருகிற கனவான்கள் எல்லாருக்கும் வீடு இருக்கிறது. ஒருவர் விடாமல். கூட்டத்தில் இரண்டு பக்கமும் அவரை ஏசி விரட்டும். அவர் வீட்டுக்குப் போவார். வேலைக்காரி விளக்கு வைத்திருப்பாள். மனசாட்சியோடு பேசுவதற்கு ஓர் அறை, சாய்வதற்கு ஒரு நாற்காலி. உள்கதைக்காரனுக்கும் அப்படித்தான். அவன் நாள் முழுக்க நிற்கிறானே ஒரு சன்னல், அது யாருடைய வீட்டுச் சன்னல்? அதை யாரும் பட்டியலிலிருந்து வெட்டப் போவதில்லை. எழுதியவர் அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லியிருக்க மாட்டார். சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

பதுளையில் பேசியவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒலிவாங்கியைப் பக்கத்து ஆளிடம்தான் கொடுத்திருப்பேன்.

அந்தப் புத்தகங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. மனிதனுக்கு மனிதன் மரியாதை கொடுக்க வேண்டும் என்று எனக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவை வீட்டுக்காரர்கள் வீட்டுக்காரர்களுக்கு எழுதியவை. அதை நான் ஒரு காம்பராக்காரிக்கு அப்படியே எடுத்துக் கொடுத்தேன். விலை சொல்லாமல் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் என்னைத் தேடி மேட்டுக்கு வந்தாள். குடை இல்லை, உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தாள். இரண்டு நாளாக விடாத மழை. வாசிகசாலைச் சாவியைக் கேட்டாள். பழைய பிள்ளைக் காம்பரா விளிம்பிலிருந்து தள்ளி இருக்கிறது, மழை விடும் வரை மாமியாரை அங்கே வைத்துக்கொள்கிறேன் என்றாள். இங்கே வந்து இருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு அறை இருந்தது. என் பெண்சாதி கதவருகே வந்து நின்றாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு அவளோடு இறங்கிப் போனேன்.

கிழவியைப் பாயோடு தூக்கி வந்து, இரண்டு அலுமாரிக்கும் நடுவில் படுக்க வைத்தோம். அவள் தன் துணி மூட்டையைத் தொட்டில் கொக்கியில் மாட்டினாள். பிறகு நிமிர்ந்து புத்தகங்களைப் பார்த்தாள்.

"இம்புட்டும் நீங்க படிச்சதா?"

முக்கால்வாசி என்றேன்.

கிழவியின் பாயைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னைக்கு மடுவத்துல என்னாண்ணே யோசிச்சிக்கிட்டு இருந்தீங்க? நான் பாத்தேன். கீழயே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"நெறைய யோசிச்சேன்."

"எனக்காகவா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை சொன்ன பொய்க்குச் சிரிப்பது போலச் சிரித்தாள்.

"எனக்குக் கேக்கலையே அது" என்றாள்.

பிறகு கிழவியின் காலைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். மழை விட்டதும் சாவியைக் கொண்டுவந்து தந்தாள். அடுத்த மழைக்கு நீயே வைத்துக்கொள் என்றேன். வாங்கிக்கொண்டாள்.

இந்த வருடம் மறுபடியும் ஒரு தேர்தல். மறுபடியும் வெள்ளிக்கிழமை, கோயில், தட்டு. இந்த முறை நான் சூடத்தை அணைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். ஒரு வாரமாக அந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். தட்டு என்னிடம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொல்லிவிட்டேன்: "நான் சத்தியம் பண்ணலங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"விருப்பம் இல்லன்னா விடுங்கண்ணே. ஒங்கள யாரு வற்புறுத்தப் போறா. ஒங்களுக்குத்தான் வீடு வந்திருச்சே."

தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை வருடம் பயந்த காரியம் இவ்வளவுதான். எனக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

மேட்டு வீட்டுக்காரர்கள் முடிந்து தட்டு லயத்து வரிசைக்குப் போனது. கடைசிக் காம்பராவின் முறை வரும் வரை அவள் காத்திருக்கவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்து, தலைவர் முன்னால் நின்று, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தியம் என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சூடம் அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"போதும் தங்கச்சி, அணைஞ்சிருச்சி" என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். அப்புறம்தான் எடுத்தாள்.

அவள் சத்தியம் செய்தால் செய்தபடியே போடுவாள். படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்த அந்தப் பெண் இந்த முறையும் தேர்தல் கேட்டாள். அவளுக்கு இவள் ஓட்டு விழுந்திருக்காது. அது எனக்குத் தெரியும், தலைவருக்கும் தெரியும்.

இன்னும் எட்டு வீடு வருமாம். பட்டியலை இன்னும் எழுதவில்லை என்கிறார்கள். அவள் காம்பராச் சுவரில் இந்த வருடக் கலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஒட்டியிருக்கிறாள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மேல் மூலையில் கொஞ்சம் கிழிந்திருந்தது.